பூங்காவுக்கு ஒரு வாசற்படி

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒவ்வொருத்தராக வந்து ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் சொன்னது எல்லாருக்கும் சேர்த்து ஆகாது. அடுப்படியில் இருப்பவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொல்வாள். கிணற்றடியில் குளிப்பவர் ஈரத் துண்டோடு எட்டிப் பார்த்துச் சொல்வார். நாலு வயதுப் பிள்ளையைக்கூட முதுகில் தட்டி, ‘வாங்கன்னு கேளு’ என்று முன்னால் தள்ளிவிடுவார்கள். விருந்துக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிறவர்கள் அங்கே என்ன குழம்பு என்பதைப் பிறகுதான் சொல்வார்கள். யார் வாங்க என்று கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பதுதான் முதல் பேச்சு. இது தெரிந்தால்தான் நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும்.

எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் பொங்கல் அது. பிறந்தது கண்டரமாணிக்கம் பக்கம், வாழ்க்கைப்பட்டது தேவகோட்டை பக்கம். இரண்டுக்கும் நடுவில் காரைக்குடி. என் அப்பா கருத்தையா பொங்கல் சீரோடு இரண்டு பஸ் மாறி வந்தார். வெண்கலப் பானை, பச்சரிசி, மஞ்சள்கொத்து, பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்த ஒரு கட்டுக் கரும்பு. நான் அப்போது கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சேதுபதி வேலைக்குப் போயிருந்தார். வாசலில் நின்றது என் மாமியார் பொன்னழகு ஒருவர்தான்.

அத்தைக்கு நாலு நாளைக்கு முன்னால் கிணற்றடியில் வழுக்கி, முன்பல் இரண்டும் கொட்டிப் போயிருந்தன. உதடு பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. அத்தை முப்பது வயதில் புருஷனைப் பறிகொடுத்து, தனியாளாக நின்று வெள்ளாமை பார்த்து மகனைப் படிக்கவைத்தவர். யாரும் தன்னைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் ரொம்பக் கவனமாக இருப்பார். சம்பந்தி முன்னால் அந்த வாயைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உள்ளே வரும்படி தலையை மட்டும் ஆட்டினார்.

அப்பா நின்றார். வாங்க வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தார். வரவில்லை. தலையில் இருந்த பானையை இறக்காமல் அப்படியே திரும்பினார். தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டு நான் வாசலுக்கு ஓடி வந்தபோது அப்பா தெருமுனையில் போய்க்கொண்டிருந்தார். கரும்புக்கட்டைத் தூக்கி வந்த கூலியாள் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பின்னாலேயே ஓடினான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாளே என் வீட்டுக்காரர் கண்டரமாணிக்கத்துக்குப் போய், பல் விழுந்த விஷயத்தைச் சொல்லி எவ்வளவோ சமாதானப்படுத்தியிருக்கிறார். அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்.

“பல்லுத்தானே போச்சு மாப்பிள்ளை, நாக்குமா போச்சு?”

இனி அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அத்தைக்கும் மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. வந்த சீரை நடுத்தெருவில் திருப்பிக்கொண்டு போனால், அந்தத் தெருவில் குடியிருக்கிறவள் நாளைக்கு எப்படித் தலைகாட்டுவாள் என்பது அவர் கேள்வி. அவர்கள் வாசலை நம் வீட்டுப் பெண்ணும் மிதிக்க வேண்டாம் என்று அவரும் சொல்லிவிட்டார். இரண்டு பேர் சொன்னதிலும் ஞாயம் இருந்ததுதான் வம்பு. ஒருத்தர் பக்கம் தப்பென்றால் காலில் விழுந்தாவது முடித்துவிடலாம்.

அந்த மாசியில் எனக்கு நாள் தள்ளிப் போனது.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பிள்ளைக்கு ஏழாம் மாதம் தாய்வீட்டார் ஏழு வகைச் சோறு ஆக்கிக் கொண்டுவந்து மகளுக்குப் போடுவார்கள். பெற்ற தகப்பன் இலையை விரித்துத் தண்ணீர் தெளிக்க, தாய் பரிமாறுவாள். அந்தச் சோற்றைத் தின்ற பிறகுதான் ஒன்பதாம் மாதம் பேறுகாலத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகலாம். ஏழில் போடாவிட்டால் எட்டில் போடக் கூடாது. சோறு போடாமல் அழைக்கவும் கூடாது. ஆவணி முடிந்தால் எனக்கு ஏழு முடிகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது அவள் போட்ட கூச்சலை நான் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் என் அம்மாவின் கை என் தலைமாட்டில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். இரவில் புரண்டு படுத்து நான் அழுவது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் அழுகையை நிறுத்தச் சொல்கிற ஆள் இல்லை. வழி தேடுகிற ஆள்.

அவருக்குக் காரைக்குடியில் கரெண்டு ஆபீசில் வேலை. சாயங்காலம் வேலை விட்டுப் பஸ்ஸுக்கு நடந்து வரும் வழியில் நகராட்சிப் பூங்கா ஒன்று இருந்தது. கல்வாழை வரிசை, நடுவில் நீரூற்று, சிமெண்டு பெஞ்சுகள், ஒரு கம்பத்தின் மேல் ரேடியோக் குழாய். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்களாம். ஒருநாள் அதைத் தாண்டி வரும்போது அவருக்குத் தோன்றியிருக்கிறது: இது யார் வீடும் இல்லை. இதற்கு வாசற்படி கிடையாது. இங்கே யாரும் யாரையும் வாங்க என்று கேட்க வேண்டியதில்லை.

ஆபீசில் நான் பிறந்த ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரிடம் சொல்லி என் அம்மாவுக்குத் தகவல் அனுப்பினார். ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் சோற்றோடு பூங்காவுக்கு வந்துவிட வேண்டும், அங்கே தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. அப்பாவுக்கும் தெரியும். “வாசப்படி இல்லாத இடம்னா வாரேன்” என்றாராம். சோற்றைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பூங்கா பார்க்கத்தான் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாராம்.

அத்தையிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. நான் மசக்கையில் பூங்கா பார்க்க ஆசைப்படுகிறேன் என்று அவர் மகன் அவிழ்த்துவிட்டார். பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை இல்லை என்று சொன்னால் பிள்ளைக்குக் காது வடியும் என்று எங்களிடம் பயம் உண்டு.

“புளி கேப்பாளுக, சாம்பல் கேப்பாளுக. பார்க்கு கேட்டவளை இப்பத்தான் பாக்குறேன்” என்றார் அத்தை. என்றாலும் பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்து மடிப்புப் பிரித்து வெயிலில் போட்டார். கல்யாணம், கருமாதி, கோயில் தவிர வேறு எதற்கும் அவர் ஊரைவிட்டு வெளியே போனதில்லை. சும்மா பார்த்துவிட்டு வருவதற்கென்று ஒரு இடத்துக்குப் போவது அவருக்கு அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை மாலையே, வழிக்குத் தண்ணீர் எடுக்கச் செம்பைத் துலக்கி வைத்துவிட்டார்.

காலைப் பஸ்ஸில் கிளம்பி, பத்தரை மணிக்கு மூன்று பேரும் பூங்காவுக்கு வந்து சேர்ந்தோம்.

கம்பிக் கதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் பலகையில் எழுதியிருந்ததை என் வீட்டுக்காரர் இரண்டு தரம் படித்தார். மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை. மூன்று வருடமாக அந்தப் பலகையைத் தாண்டிப் போகிறவர். போனதெல்லாம் மாலை ஐந்தரைக்கு. பகலில் அது பூட்டியிருக்கும் என்று அவர் கண்டாரா?

கதவுக்கு எதிரே சாலையோரம் ஒரு வேப்பமரம். அந்த ஒரு மரத்தைத் தவிர அந்தப் பக்கத்தில் நிழலே இல்லை. அதன் கீழே என் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பெயர் சிட்டாள். அவள் முன்னால் வெள்ளைத் துணி போர்த்தி ஏழு தூக்குச் சட்டிகள். என்னைப் பார்த்ததும் அம்மா எழுந்தே விட்டாள். அப்பா என் வயிற்றை ஒரு தரம் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்ப்பவர் போல் சாலையைப் பார்த்தார்.

அத்தைக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன்டா, இதுதான் உன் பார்க்கா?”

 திரும்பிப் போகலாம் என்றால் எங்கள் பக்கம் அடுத்த பஸ் ஒன்றரைக்குத்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. அத்தை என்னைப் பார்த்தார். நான் நின்ற நிலையில் காலை மாற்றி வைத்தேன். அவர் மரத்து நிழலின் மறு ஓரத்துக்குப் போய், மடியிலிருந்த துண்டை விரித்து என்னை உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். முந்தானை வாய்க்குப் போனது. என் அம்மா ‘மதினி’ என்றாள். அத்தை அவளுக்கு மட்டும் தலையசைத்தார். அதுவே பெரிய காரியம்.

உள்ளே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் காவல்காரர் பெத்தன். என் வீட்டுக்காரர் கம்பி வழியாக அவரைக் கூப்பிட்டு, நிலைமையைச் சொல்லி, ஒரு மூலையில் அரை மணி நேரம் உட்காரவிட்டால் போதும் என்று கெஞ்சினார். பெத்தன் கல்லுளிமங்கன் இல்லை. என் பக்கம் பார்த்து உச்சுக்கொட்டவும் செய்தார். ஆனால் சாவி நகராட்சி மேஸ்திரியிடம் இருப்பதாகவும், அவர் மூன்றே முக்காலுக்குத்தான் வருவார் என்றும், தன்னையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்றும் சொன்னார். பூங்காவுக்குள் பூட்டப்பட்ட ஆளிடம் போய் என்ன சண்டை போடுவது?

மரத்தடியிலேயே சோற்றைப் போட்டுவிடலாம் என்றாள் அம்மா. அப்பா மரத்தைப் பார்த்துக்கொண்டு, தன் மகள் ரோட்டில் உட்கார்ந்து சோறு தின்கிற நிலைமையில் இல்லை என்றார். அதே நேரத்தில் இந்தப் பக்கம் அத்தை, போகிற வருகிற பஸ்ஸெல்லாம் எட்டிப் பார்க்கிற இடத்தில் தன் மருமகளுக்கு இலை போட்டால் கண் விழுந்துவிடும் என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் இரண்டு பேரும் ஒரே பேச்சைப் பேசியது அப்போதுதான். அது அவர்களுக்கே தெரிந்து, இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆக, நாலு மணி வரை காத்திருப்பது என்று யாரும் சொல்லாமலே முடிவாயிற்று. என் வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போய் எனக்குப் பன்னும் வாழைப்பழமும் வாங்கி வந்தார். மற்றவர்கள் யாரும் எதையும் தொடவில்லை. ஒன்றரை மணிப் பஸ் எங்கள் முன்னாலேயே போயிற்று. அத்தை அதைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

நிழல் ஒரு இடத்தில் நிற்குமா? காலையில் மேற்கே விழுந்து கிடந்தது, உச்சிக்கு அடிமரத்தோடு சுருங்கிவிட்டது. ஓரத்தில் இருந்த நாங்கள் வெயிலுக்குப் பயந்து உள்ளே நகர்ந்தோம். அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்திலிருந்து நகர்ந்தார்கள். மத்தியானம் திரும்பியதும் எல்லாரும் மூட்டை முடிச்சோடு எழுந்து கிழக்குப் பக்கம் போக வேண்டியதாயிற்று. இரண்டு மணிக்கு அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் ஒரு கை தூரம்கூட இல்லை. ஒரே மரத்தில் இரண்டு முதுகும் சாய்ந்திருந்தன. முகம் மட்டும் ஆளுக்கொரு திசையில்.

அம்மா அடிக்கடி ஒவ்வொரு சட்டியாகத் திறந்து மோந்து பார்த்தாள். புளிச்சோற்றுக்கு ஒன்றும் ஆகாது. எலுமிச்சை, எள்ளு, கறிவேப்பிலை, சர்க்கரைச் சோறு நாலும் தாங்கும். தேங்காய்ச் சோறும் தயிர்ச் சோறும் அதுவரை தாங்குமா என்பதுதான் அவள் கவலை. தேங்காய்ச் சோற்றுச் சட்டியைத் திறந்தவள் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஆக்கிய சோறு.

அத்தை அதைக் கடைக்கண்ணால் பார்த்தார். செம்பிலிருந்த தண்ணீரைத் துண்டில் ஊற்றி நனைத்து, பிழிந்து, என் கையில் கொடுத்தார்.

“சட்டியைச் சுத்திக் கட்டச் சொல்லு. சூடு ஏறாது.”

நான் வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கட்டினாள். செம்பில் அதற்குப் பிறகு தண்ணீர் இல்லை. காலையிலிருந்து அத்தை அதில் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் பக்கத்திலேயே இருந்தேன். அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சற்று நேரம் கழித்து அவர் தன் கறுப்புக் குடையை விரித்தார். பிடியைத் தன் தோளில் சாய்த்து வைத்தார். ஆனால் அதன் நிழல் முழுவதும் அத்தை மடியில் விழுந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் மட்டும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றே முக்காலுக்கு மேஸ்திரி சைக்கிளில் வந்தார். பூட்டைத் திறந்தார். கதவு கிறீச்சிட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் போயிற்று. அதற்குள் ஊர்க்காரர்கள் பத்திருபது பேர் வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் முன்னால் ஓடி, நீரூற்றுக்குப் பக்கத்தில் மரமல்லி நிழலில் நல்ல இடமாகப் பிடித்தார். அம்மா சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது. அத்தை என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார். ஊற்றிலிருந்து தண்ணீர் சிதறி முகத்தில் பட்டது. கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாக நின்றது. இவ்வளவு அழகான இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். அப்பாவைக் காணோம்.

அவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு வந்து முட்டுகிற இடத்தில், இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரைக்கும் ஒரு நீளமான கருங்கல் பதித்திருந்தார்கள். நாலு விரல் உயரம் இருக்கும்.

என் வீட்டுக்காரர் கூப்பிடப் போனார்.

“வாசப்படி இல்லைன்னு சொன்னீகளே மாப்பிள்ளை” என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏமாந்துபோன குரலில்தான் சொன்னார்.

அது வாசற்படி இல்லை, கதவு நிற்பதற்கு வைத்த கல் என்று இவர் சொல்லிப் பார்த்தார். அப்பா அசையவில்லை. இவர் நூறு தடவை வாங்க மாமா என்றார். அந்த நூறையும் அப்பா கணக்கில் எடுக்கவில்லை. பொங்கலுக்கு அந்த வீட்டு வாசலில் நின்றது மாப்பிள்ளை இல்லையே. அம்மா போய்க் கூப்பிட்டாள். பெண்டாட்டி கூப்பிட்டு வருவதற்குத் தான் என்ன கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளையா என்று கேட்டுவிட்டார். நீங்கள் போய்ச் சோற்றைப் போடுங்கள், நான் இங்கேயே மரத்தடியில் இருக்கிறேன் என்றார். அவர் இல்லாமல் இலையை யார் விரிப்பது? அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கால் வரவில்லை. மனிதர்கள் சில நேரம் அப்படித்தான். தங்களுக்கே வேண்டிய ஒன்றுக்கு முன்னால் ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்கள்.

அம்மா திரும்பி வந்து சட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தயிர்ச் சோறு பொங்கிப் புளித்து மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கடைசிப் பஸ் ஏழு மணிக்கு. மறுநாள் திங்கள். அதற்கு அடுத்த நாள் புரட்டாசி பிறக்கிறது.

நான் அத்தையைப் பார்த்தேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னால் அது ஏழு மாதமாக அவர் என்னிடம் காட்டிய அன்பைக் காட்டிக் கேட்பதாகிவிடும். அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இவர், வெளியே அவர், நடுவில் ஒரு படி. பொங்கல் சீர் வந்த அன்று நின்ற மாதிரியே, அச்சு மாறாமல்.

ரேடியோவில் யாரோ விவசாயிகளுக்குப் பூச்சி மருந்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஜனங்கள் கதவு வழியாக வந்துகொண்டே இருந்தார்கள். அப்பா அவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு நின்றார்.

அத்தை எழுந்தார். நல்ல சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார். கல்வாழை வரிசை ஓரமாக நடந்து கதவுக்குப் போனார். கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றார். முந்தானை வாயில் இருந்தது. அப்பா நிமிர்ந்து பார்த்தார். காவல்காரர் பெத்தன் வாளியை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

அத்தை முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினார்.

“வாங்கண்ணே” என்றார்.

முன்பல் இரண்டும் இல்லாத வாய். அத்தனை பேர் பார்க்கத் திறந்திருந்தது. காற்றும் சேர்ந்துதான் வந்தது அந்தச் சொல். அப்பா அந்த வாயைப் பார்த்தார். பல் போனதைக் காதால் கேட்டவருக்கு, கண்ணால் பார்ப்பது வேறாக இருந்திருக்க வேண்டும். அவர் முகம் என்னவோ போல் ஆனது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“வாரேன் தாயி” என்றார்.

சொல்லிவிட்டுக் குனிந்து, செருப்பு இரண்டையும் கழற்றித் தூணோரமாகச் சேர்த்து வைத்தார். கல்லைத் தாண்டி வலது காலை உள்ளே வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. அப்பா இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார். அவசரத்தில் பாதித் தண்ணீர் என் மடியில் விழுந்தது. தேங்காய்ச் சோறும் தயிர்ச் சோறும் கெட்டுப்போய்விட்டன என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஏழுக்கு இரண்டு குறைகிறதே என்று அவளுக்குக் கலக்கம்.

“அஞ்சும் ஒத்தப்படைதான் மதினி, போடுங்க” என்றார் அத்தை. அவர் சொன்ன பிறகு அதற்கு அப்பீல் இல்லை.

ஐந்து சோறும் தின்றேன். அம்மா பிசைந்து பிசைந்து வைத்தாள். எல்லாரும் சாப்பிட்டோம். பெத்தனுக்கும் ஒரு இலை போட்டோம். புல்லில் உட்காரக் கூடாது என்ற விதியை அவர் அன்றைக்கு மறந்துவிட்டார். அப்பாவும் அத்தையும் நெல்லு விலையையும் உரத்தட்டுப்பாட்டையும் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பொங்கலைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. இருட்டுகிற நேரத்தில் விளக்குப் போட்டார்கள். நீரூற்றுக்குள் சிவப்பும் பச்சையுமாக எரிந்தது. அத்தை அதை வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். பொத்த மறந்துவிட்டார்.

கிளம்பும்போதுதான் தெரிந்தது. தூணோரத்தில் அப்பாவின் செருப்பைக் காணோம். யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் சுற்றுவட்டாரமெல்லாம் தேடினார். கால்மணி தேடியும் இல்லை.

“பார்க்குக்கு வாரவுக யாராச்சும் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வருவாகளா அண்ணே?” என்று அத்தை கேட்டார்.

“நீ வாங்கன்னு கேட்டியே தாயி” என்றார் அப்பா. “கேட்ட பிறகு செருப்போட எப்படி வர்றது?”

அத்தை சிரித்தார். முந்தானை இடுப்பிலேயே இருந்தது. அப்பா வெறுங்காலோடு பஸ் நிலையத்துக்கு நடந்தார். சரளைக் கல் குத்தும்போதெல்லாம் நொண்டினார். அப்படியும் நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

மறுவாரம் அத்தை தேவகோட்டையில் ஒரு ஜோடி தோல் செருப்பு வாங்கி மகனிடம் கொடுத்துவிட்டார். அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நாள் முழுக்க ஒரே மரத்தடியில் அந்தக் காலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எதைப் பார்ப்பது என்றார்.

ஐப்பசியில் என்னைப் பேறுகாலத்துக்கு அழைத்துப் போக அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அன்றைக்கு விடிந்ததிலிருந்தே அத்தைக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பஸ் சத்தம் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போனார். வாசலில் நிற்கவில்லை. தெருவுக்கு இறங்கினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பானையைச் சுமந்துகொண்டு அப்பா திரும்பிப் போன அதே தெருவில், அதே ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை முனை வரைக்கும் நடந்தார். அப்பா அந்தப் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு அம்மாவோடு தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணே, வாங்க மதினி.” தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அப்பா அந்த இடத்திலேயே நின்று, செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

“இன்னும் வீடு வரலைண்ணே” என்றார் அத்தை. “அதைப் போட்டுக்கிட்டே வாங்க.”